க்ரெசிடாவுக்கு ஆறரை மீட்டர்

வீடு அவருக்கு, வண்டி எனக்கு என்று
கோர்ட்டில் முடிவானபோது
வக்கீல் என்னைப் பாவமாய்ப் பார்த்தார்.
எண்பத்தேழாம் வருஷத்து க்ரெசிடா.
எஞ்சின் கல்லு மாதிரி.
சீட்டுகள்தான் நாய் குதறிய தலையணை.

சாட்ஸ்வர்த்தில் ஒருவன் பதினாலாயிரம் ராண்ட் கேட்டான்.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
வரும் வழியிலேயே
சாக்கெட் ஸ்பேனரும் வளைமூக்குக் குறடும் வாங்கியது
யோசித்ததில் சேர்த்தி.

பிப்ரவரி. டர்பனின் பிப்ரவரி.
கறுப்பு வினைல் மலிவு, ஈரத்துணியால் துடைத்தால் போதும்.
ஆனால் இரண்டு மணி வெயிலில்
ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திய வண்டிக்குள்
யூனிஃபார்மோடு ஏறி உட்கார்ந்தவளின்
தொடையைக் கேளுங்கள்.
வெலூர் மெத்தென்றிருக்கும்,
கண்ணாடி ஏற்ற மறந்து ஒருநாள் நனைந்தால்
ஒரு மாதம் நாறும்.
தோல் பேச்சே வேண்டாம்.
வெள்ளிக்கிழமை கோயிலுக்கு என்னோடு வரும் சவுந்தரி
மாட்டின் மேல் உட்காரமாட்டாள்.
பெட்ரோலில் பாதி அவள் காசு.

பழைய க்ரே ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால்
ஆளுயரச் சுருள்கள் சாய்ந்து நிற்கும் கடை.
"சோபாவுக்கா மேடம்?"
கல்லாவை விட்டு எழவில்லை முதலாளி.
நொம்புசோதான் வந்தாள், கழுத்தில் அளவு நாடாவோடு.
துணிகளின் முகத்தை அவள் காட்டவே இல்லை,
திருப்பித் திருப்பி முதுகைக் காட்டினாள்.
நகத்தால் சுரண்டிப் பூச்சு உதிர்ந்த சுருளை ஒதுக்கினாள்.
குறுக்கே இழுத்து, விட்டதும்
பழையபடி திரும்பாததை ஒதுக்கினாள்.
பச்சை ஒன்றின் மேல்
தன் பாட்டில் தண்ணீரைக் கவிழ்த்தாள்.
முத்து முத்தாய் நின்றது.
இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.
முதலாளி இருமினார்.

மாங்காய்த் தோல் பச்சை.
அழுக்குத் தெரியும் என்றாள்.
தெரியட்டும், துடைக்கிறேன் என்றேன்.
"நூல்?"
வீட்டில் வெள்ளைப் பருத்தி நூல் இருக்கிறதே என்றதும்
சிரிப்பை அவள் அடக்கக்கூட முயலவில்லை.

சனிக்கிழமை. நான்கு போல்ட், இரண்டு துருப்பிடித்தவை.
துணியைக் கவ்வியிருந்த இரும்பு வளையங்கள்
நூற்றுப் பன்னிரண்டு.
கிழிக்காமல் தையலைப் பிரித்தேன்,
பழைய துணிதானே புதியதற்கு அளவு.
எது எந்தப் பக்கம் என்று சாக்கட்டியால் குறித்தேன்:
இ. வ.
தமிழ்ப் பள்ளியில் கற்றதில்
இந்த இரண்டெழுத்துக்கு இன்று வேலை வந்தது.

அடியில் கிடைத்தவை:
ஐந்து செண்டுகள் நிறைய,
என்னுடையதல்ல என்று நான் சண்டை போட்ட கொண்டை ஊசி
(என்னுடையதுதான்),
கெட்டியாகிப்போன வேர்க்கடலை.

அப்புறம் ஸ்பாஞ்சு.
ஓட்டுநர் இருக்கையில் அவர் குழி,
வலப்பக்கம் சரிந்து, ஜன்னலோடு ஒட்டி.
அதை எதிர்பார்த்தேன்.
பக்கத்து இருக்கையை உரித்தேன்.
இடப்பக்கக் கதவோரம்
ஒரு மூலை மட்டும் அப்பளமாய் நசுங்கியிருந்தது.
நடுப்பகுதி
கம்பெனியில் ஊற்றிய அன்று போலவே,
உப்பலாக, யாரும் தொடாமல்.

இரண்டையும் தரையில் பக்கம் பக்கமாய் வைத்து
வேர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
பத்தொன்பது வருஷம்.
நாங்கள் இருவரும் நேராய் உட்கார்ந்ததாகத்தான்
நான் நினைத்திருந்தேன்.

திங்கட்கிழமை மறுபடி நொம்புசோ.
ஸ்பாஞ்சு எந்த அடர்த்தி,
யார் உட்காரப்போவது, எத்தனை கிலோ?
ஒன்றுக்கு என் எடையைச் சொன்னேன், மூன்று கிலோ குறைத்து.
மற்றதற்கு?
தெரியாது என்றேன்.
"அப்படியென்றால் கெட்டியாய் எடு" என்றாள்.

தையல் இரண்டு இடத்தில் கோணல்.
பின்சீட்டில் ஒரு சுருக்கம்,
சவுந்தரி அதன் மேல்தான் உட்காருகிறாள்,
இன்னும் கவனிக்கவில்லை.

மீந்த துணியில்
நடுவிலிருக்கும் ஹேண்ட்பிரேக்குக்கு ஓர் உறை தைத்தேன்.
இத்தனை வருஷமாய் வெறும் இரும்பு.
இப்போது பிடித்து இழுக்கக்
கைக்கு நன்றாயிருக்கிறது.