பதினேழைக் காட்டும் விதம்

காசிமேட்டில் விடியற்காலை மூன்றரைக்கு
பதினேழு என்றால் பதினேழு நூறு.
ஒரு விரலைத் தூக்கிவிட்டு
ஏழை உதட்டால் சொன்னால் போதும்,
ஏலக்காரம்மா பிலோமினா தலையாட்டுவாள்,
சங்கராக் கூடை கைமாறும்.
நான் அங்கே ஐஸ் பெட்டிகளை எண்ணிக் கோடு போடுகிறவள்.
ஞாயிறு எட்டு மணிக்குச் செதில் ஒட்டிய கையைக் கழுவி
விசிலை மாட்டிக்கொண்டால் ரெஃப்ரி.

திருவொற்றியூர் மைதானம்.
மதிலுக்கு அந்தப் பக்கம் எக்ஸ்பிரஸ் ரோடு,
துறைமுகத்துக்கு வரிசைகட்டிய கன்டெய்னர் லாரிகள்.
ஒன்று ஹாரன் அடித்தால்
என் விசில் எனக்கே கேட்காது.
அதனால் இங்கே கைதான் வாய்.
ஃபவுல் என்றால் முஷ்டி வானத்தைக் குத்த வேண்டும்.
டிராவலிங் என்றால் ராட்டினம் மாதிரி
இரண்டு கையும் சுற்ற வேண்டும்,
மூன்று சுற்று பத்தாது.
செய்தவனை நோக்கி விரல் நீட்டியே ஆக வேண்டும்.
நீட்டாவிட்டால் பத்துப் பேரும்
"நா இல்ல ரெஃப்ரி, அவன்."
பனியனில் மார்க்கரால் எழுதிய நம்பர்
இரண்டாம் குவார்ட்டரில் வியர்வையில் ஓடும்,
எட்டு மூன்றாகிவிடும்.
பதினேழுக்கு
பத்து விரலையும் விரித்து
மூடி
ஏழை விரிப்பேன்.
ஸ்கோர் எழுதும் நாகூரானுக்குக் கண் கொஞ்சம் மட்டம்.
அவன் திருப்பிக் காட்டுவான், நானும் திருப்பிக் காட்டுவேன்.
அதற்குள் பையன்கள் சும்மாவே நாலு ஷாட் போட்டிருப்பார்கள்.

ராயபுரத்தில் பள்ளிக்கூட மேட்ச்.
பி.டி. வாத்தியாரின் பழைய புத்தகத்தில்
நம்பர் நாலில் தொடங்கிப் பதினைந்தில் முடியும்.
அதற்கு மேல் காட்ட விரல் கிடையாது என்றார்.
பதினேழு போட்டு வந்த தேசப்பனை
சட்டை மாற்றிக்கொண்டு வரச் சொன்னார்.
அவனிடம் இருந்தது அந்த ஒரு சட்டை.
அன்று நான் வாய் திறக்கவில்லை.

பிறகு மாநில அளவில் ஒரு போட்டி,
எனக்கு அதுவே தேர்வு.
மரத்தரை, ஏ.சி., ஹாரன் இல்லை.
இங்கே பதினேழு:
முதலில் புறங்கையில் ஒன்று,
பிறகு உள்ளங்கையில் ஏழு.
நான்கு இரவு மொட்டைமாடியில்
தண்ணித் தொட்டியைப் பார்த்துப் பழகியிருந்தேன்.
கடைசி நிமிடம்,
நின்றிருந்தவன் நெஞ்சில் போய் மோதினான் ஒருவன்.
முஷ்டி தூக்கினேன், மேசைக்கு நடந்தேன்,
புறங்கை, உள்ளங்கை,
முஷ்டியால் உள்ளங்கையில் ஒரு குத்து.
எல்லாம் சரி.
பிறகு, யாரும் கேட்காமலே,
என் விரல் நீண்டுவிட்டது
அவன் முகத்துக்கு நேரே.
தேசப்பன்தான். அவனுக்கு அது ஐந்தாவது.
மைதானத்தில் என்றால் திட்டிக்கொண்டே சிரிப்பான்.
இங்கே தலையைக் குனிந்துகொண்டு
பெஞ்சுக்குப் போனான்.

மேலே உட்கார்ந்து மார்க் போட்ட சுகுணவதி மேடம்
தாளில் எழுதியிருந்தார்:
கை தேவைக்கு மேல் பெரிது. துணி உலர்த்துகிற இடம் இல்லை இது.
விரல் நீட்டக் கூடாது. நம்பர் போதும், ஆள் வேண்டாம்.
மூன்று மார்க் போச்சு.
அந்தக் கடைசி வரியை மட்டும்
பஸ்ஸில் மறுபடி மறுபடி படித்தேன்.

அடுத்த ஞாயிறு திருவொற்றியூரில்
விரலை மடக்கிக்கொண்டே விசில் ஊதினேன்.
கையைச் சின்னதாக்கினேன்.
புறங்கையில் ஒன்று,
உள்ளங்கையில் ஏழு.
நாகூரான் கூட்டிப் பார்த்து
எட்டு என்று எழுதினான்.

எட்டாம் நம்பர் ரிஸ்வான்
மைதானத்தில் அந்தக் கோடியில்
ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தவன்,
எழுந்து ஓடிவந்தான்:
"இன்னா ரெஃப்ரி, நா இன்னா பண்ணேன்?"
லாரி ஒன்று நீளமாக அடித்தது.
நான் சொன்ன பதில் அதில் போய்விட்டது.
கையை மறுபடி காட்டினேன், மறுபடி எட்டு.
பத்தை விரிக்கலாம். விரலை நீட்டலாம்.
மார்க் போட இங்கே யாருமில்லை.
ஆனாலும் நீட்ட வரவில்லை.

தேசப்பன் மேசைக்கு நடந்தான்.
தன் புறங்கையை நாகூரான் மூக்கருகே வைத்து ஒன்று,
திருப்பி ஏழு,
பிறகு தன் விரலைத் தன் நெஞ்சுக்கே நீட்டி
"அண்ணாத்த, அது நாந்தான்."

நாகூரான் எட்டை அடித்துவிட்டுப் பதினேழு எழுதினான்.
ரிஸ்வான் இன்னும் கத்திக்கொண்டிருந்தான்.