நான்கு வருடம்

முதல் புதன்கிழமை மூன்று பேர்தான்.
பன்னிரண்டு நாற்காலி போட்டிருந்தாள் லீலோ.
தார்த்து நகரில் அன்று மைனஸ் பதினெட்டு.
பல்கலைக்கழகம் தந்தது ஒரு சாவி,
சலவை இயந்திரங்களுக்குப் பக்கத்து அறைக்கு.
காசு தரவில்லை.
பட்டாணி சூப் அவள் செலவு.

உர்மாஸ் சதுப்பு நிலத்தைத் துளையிடுகிறவன்.
ஒரு மீட்டர் கரிமண்ணை
ரொட்டிபோல் துணியில் சுற்றிக் கொண்டுவந்தான்.
லீலோ பழைய நீதிமன்ற ஏடுகள் படிக்கிறவள்:
எந்தப் பஞ்சத்தில் யார்
யாருடைய விதைத் தானியத்தைத் திருடினார்கள் என்று.
நான் கணக்கு. இரண்டும் புரியாமல்
தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

"உன் பஞ்சம் இதோ" என்று
ஒரு வெளிறிய கோட்டில் விரல் வைத்தான்.
"இல்லை. நான்கு வருடம் தள்ளி."
"மண் பொய் சொல்லாது."
"தானியம் திருடியவன்
தேதியில் ஏன் பொய் சொல்கிறான்?"
சூப் ஆறியது.
சுவருக்கு அப்பால் இயந்திரம்
யாருடைய காலுறைகளையோ
சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டிருந்தது.

"பிழை எல்லை எவ்வளவு?"
வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.
இருவரும் திரும்பினார்கள்,
அதுவரை நான் அங்கே இல்லாததுபோல்.

பத்தரைக்குக் காவலர் விளக்கை அணைத்தார்.
படிக்கட்டிலும் சண்டை, பனியிலும் சண்டை,
ஆற்றுப் பாலம் வரைக்கும்.

அடுத்த புதன் ஏழு பேர்.
துவைத்த துணி எடுக்க வந்த
மருத்துவ மாணவி தமார்
கூடையை இடுப்பில் வைத்தபடியே
பஞ்சத்தில் முதலில் சாவது யார் என்று சொன்னாள்.
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அந்த நான்கு வருடம் இன்னும் தீரவில்லை.
நாற்காலிதான் போதவில்லை.
கவிழ்த்த துணிக்கூடைகளில் உட்காருகிறோம்.