கேட்டபடி

பெருங்குடி. விடியற்காலை மூன்றரை.
ஒஹையோவில் அப்போதுதான் மாலை ஆறு.
ஒரு நிமிட ஒலிக்குப் பதினொரு ரூபாய்.
விதி ஒன்றுதான்: கேட்டபடி எழுது.
இலக்கணத்தைத் திருத்தாதே, கருத்தைத் திருத்தாதே,
இருமினால் இருமல் என்று போடு.

தொகுப்பாளருக்கு எண்ணெய் போட்ட கீல் போலக் குரல்,
எந்தப் பக்கமும் சத்தமில்லாமல் திரும்பும்.
நேயர்கள் அப்படியில்லை.
ரேஷன் கடையில் முறை வந்துவிட்டவர்களைப் போல
சொல்ல வந்ததை மறந்து
வேறெதையோ வேகமாகச் சொல்வார்கள்.

வரியைக் குறை. எல்லையை மூடு.
துப்பாக்கியைத் தொடாதே.
பள்ளிக்கூடத்துக்கு ஜெபம் திரும்பி வரட்டும்.
டீசல் விலை. முட்டை விலை.
மூன்று வாரத்தில் முட்டை விலையை மட்டும்
முந்நூறு தடவை தட்டியிருப்பேன்.
எனக்குத் தெரிந்த முட்டை நாமக்கல்லிலிருந்து வருவது.
அதுவும் ஏறித்தான் கிடக்கிறது.

பக்கத்து இருக்கை இஃப்திகாருக்கு
எதிர்த்தரப்பு வானொலி.
"ரெண்டு பக்கமும் நாடு போச்சுங்கறாங்க எஸ்தர்,
போன நாடு ஒண்ணா ரெண்டான்னுதான் தெரியல."
யார் ஜெயிப்பார் என்று எங்களுக்குள் பந்தயம்,
ஒரு மாதத்து டீ.

டுவேன் என்று ஒருவர் வந்தார்.
ஆணி, தாழ்ப்பாள், ஏணி விற்ற கடை, முப்பத்தொரு வருடம்.
எதிரே இருந்த கியர் தொழிற்சாலை போய்விட்டதாம்,
அங்கே.
எங்கே என்று தொகுப்பாளர் கேட்கவில்லை.
அங்கே என்று தட்டினேன்.
ஒரகடத்தில் கியர் வெட்டுகிற என் சித்தப்பா மகனுக்கு
ஒன்பது வருடமாக ஒப்பந்த அட்டைதான்.
அதை எழுத அந்தத் தாளில் இடமில்லை.

கடைசியில், யாரும் கேட்காமலே,
"நான் கெட்டவன் இல்லை" என்றார்.
பிறகு ஏழு விநாடி ஒன்றுமில்லை.
மௌனத்துக்கும் குறியீடு உண்டு எங்களிடம்,
கூலியும் உண்டு:
ஒரு ரூபாய் இருபத்தெட்டு பைசா.

அடுத்து ஒரு பெண்மணி.
எங்கள் தெருவுக்கு யார் குடிவரலாம் என்பதை
நாங்கள்தானே முடிவு செய்ய வேண்டும்?
இதை நான் தமிழில் கேட்டிருக்கிறேன்,
ஆதம்பாக்கத்தில், வாடகைக்கு வீடு தேடியபோது,
கேட்டைப் பாதி மட்டும் திறந்து:
நீங்க என்ன ஆளுங்க, மீன் சமைப்பீங்களா?
மரியாதையாகத்தான் கேட்டார்கள். வெயிலுக்கு மோர் கொடுத்தார்கள்.
வீட்டைக் கொடுக்கவில்லை.
அந்த அம்மாவின் பேச்சில் ஒரு காற்புள்ளியை
வேண்டுமென்றே விட்டேன்.
தேர்தல் முழுக்க நான் செய்த அரசியல் அவ்வளவுதான்,
கோகிலவாணி மேடம் அதையும்
சிவப்பில் சுழித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஐந்து மணிக்கு நெல்சனிடமிருந்து செய்தி.
ஜெமினி மேம்பாலத்தருகே, தூதரக வரிசையில்,
கோப்பை பாலிதீன் பையில் சுற்றி, மழையில்.
எனக்கு முத்திரை விழட்டும் அக்கா,
அதுக்கப்புறம் கதவை மூடிக்கட்டும்.
சிரிக்கும் முகம் ஒன்றும் போட்டிருந்தான்.
டுவேனும் இவனும் ஒரே கட்சி என்று தோன்றியது,
மழை விட்டால் சொல்லலாம் என்று இருந்தேன்.
மழை விடவில்லை. தரமணி சிக்னல் வரை
முழங்கால் தண்ணீர்,
அலுவலக வேன் திரும்பிப் போய்விட்டது,
நாங்கள் இன்னொரு ஷிஃப்ட் இருந்து எழுதினோம்.

யார் ஜெயித்தார் என்பதையும் கேட்டபடி எழுதினோம்.
ஒரு மாதத்து டீயை யார் வாங்கியது என்பது
உங்களுக்கு எதற்கு.
அந்த இரவு அழுதுகொண்டு கூப்பிட்டவர்கள் உண்டு,
பட்டாசு வெடித்துக்கொண்டும்.
டுவேன் கூப்பிடவில்லை.
வரிசையில் அடுத்த பெயர் வரும்போதெல்லாம்
பெடலில் இருந்து காலை எடுத்து
ஒரு நொடி பார்த்தேன்.

திங்கள் முதல் வேறு வேலை.
கனடா, பல் மருத்துவக் காப்பீடு.
தெளிவான குரல்கள்.
யாரும் இருமுவதில்லை.