மூன்றாம் கோர்

கெமி துறைமுகம். ஜனவரி. வெளியே மைனஸ் இருபத்தேழு.
பால்கனிக் கதவை ஒரு சாண் திறந்து வைத்து
கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்திருக்கிறேன்,
ஒரு பெட்டியைக் குளிர்விக்க.
"சூடான நாட்டுக்காரன் இந்தக் காற்றைக் காசு கொடுத்து வாங்குவான்"
என்கிறாள் ரைலி, இரண்டு போர்வைக்குள்ளிருந்து.
பேசும்போது வாயில் புகை.

ஐந்து கிகாஹெர்ட்ஸில் ஒரு குறையுமில்லை.
ஐந்து புள்ளி ஒன்றில்
பதினோரு நிமிடம் நல்லபிள்ளை,
பிறகு நீலத்திரை.
மறுபடி. பதினான்கு.
மறுபடி. ஒன்பது.
விழும்போது சத்தமே இல்லை.
விசிறிகள் மட்டும்
சேதி தெரியாத விருந்தாளிகள் மாதிரி
சுற்றிக்கொண்டே இருக்கின்றன.

வோல்டேஜைக் கூட்டினேன், சிட்டிகை சிட்டிகையாக.
1.31.
1.33.
1.35-இல் கை தயங்கியது.
குழம்பில் உப்புக் கூடினால் தண்ணீர் ஊற்றலாம்.
இதில் என்னத்தை ஊற்ற?

முதலில் சூட்டின் மேல் பழி.
ஹீட்சிங்கைக் கழற்றி
காய்ந்த பசையைக் காபி வடிகட்டும் தாளால் துடைத்து
பட்டாணியளவு புதிது வைத்து மூடினேன்.
சூடு ஆறு டிகிரி இறங்கியது.
நீலம் இறங்கவில்லை.
அடுத்து ராம். ஒவ்வொரு குச்சியாக உருவி விசாரித்தேன்; நிரபராதி.
அடுத்து பவர் சப்ளை.
யூர்யோவிடம் இரவல் வாங்கி மாட்டினேன்,
திருகாணி ஒன்றைத் தொலைத்ததை இன்னும் அவனிடம் சொல்லவில்லை.

அப்புறம்தான் கவுக்கோ.
கீழ்வீட்டு ஆள். சனி மாலை ஆறுக்கு சவுனா போடுகிறவர்.
அதே ஆறுக்கு என் மேசை விளக்கு ஒரு கணம் மங்கியது,
அதே கணம் பெட்டி செத்தது.
"பிடிச்சிட்டேன்!" என்று கத்தியதில் ரைலியின் தேநீர் சிந்தியது.
இரண்டு வாரம் அந்த மனிதருக்குப் படிக்கட்டில் வணக்கம் சொல்லவில்லை.
மூன்றாம் சனிக்கிழமை கதவைத் தட்டினேன்.
"சவுனாவா? கிறிஸ்துமஸிலிருந்தே அடுப்பு ரிப்பேர்.
உள்ளே வா, காபி சூடாக இருக்கிறது."

அப்படியானால் விளக்கு?

விளக்கும் பெட்டியும் ஒரே பழைய நீட்டிப்பு வடத்தில்.
அந்த வெளிச்சத்தைத் தின்றது என் பெட்டிதான்.
காபியை முழுதும் குடித்துவிட்டுத்தான் மேலே வந்தேன்.
வடத்தை மாற்றினேன். விளக்கு மங்குவது நின்றது.
நீலம் நிற்கவில்லை.

அன்றிரவு கோர்களைத் தனித்தனியே கூப்பிட்டேன்.
பூஜ்ஜியம்: ஒரு மணி நேரம், அசையவில்லை.
ஒன்று. இரண்டு. அதே பிடிவாதம்.
மூன்று:
நான்காம் நிமிடத்தில் ஒரு வரி எழுதிவிட்டு நின்றது.
பிழை 0.4-க்குக் கீழே இருக்க வேண்டும்,
வந்தது 0.5.
அவ்வளவுதான். இத்தனை குளிருக்கும் இவ்வளவுதான்.

ஒரே மணல், ஒரே உலை, ஒரே தகட்டில்
ஒரே நாளில் வரைந்த எட்டு.
ஏழுக்கு வந்த கால் இதற்கு வரவில்லை.
காரணம் ஏதோ ஓர் அணுவின் இடறலாக இருக்கலாம்.
என் திருப்புளி அங்கே நுழையாது.
இன்னொரு சிட்டிகை கொடுத்துப் பார்க்கலாமா என்றிருந்தது.
1.37 என்று தட்டச்சிட்டு
கொஞ்ச நேரம் அதையே பார்த்து
அழித்தேன்.

ஏழு கோர்களுக்கு ஐந்து புள்ளி ஒன்று.
மூன்றாவதற்கு நான்கு புள்ளி ஒன்பது.
அதன் கதி அது.

விடியும்வரை ஓடியது. விடியல் என்பது இங்கே
பத்து மணிக்கு மேல், அதுவும் பேருக்கு.
எனக்கோ ஐந்தரைக்கே வேலை, பனி தள்ளும் வண்டி,
மணிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் போனால்
அலகு சாலையைச் சுரண்டிவிடும்.
"அந்தக் கூடுதல் நூறை வைத்து என்ன செய்யப்போகிறாய்?"
கண் திறக்காமல் கேட்டாள் ரைலி.
தெரியாது என்றேன்.
"கதவையாவது சாத்து."

சாத்தினேன்.
சூடு நான்கு டிகிரி ஏறியது.
காலுறை தேடும்போதெல்லாம்
திரையை ஓரக்கண்ணால் பார்த்தபடி இருந்தேன்.