ஒன்றேகால் லிட்டர்

தெற்கிலிருந்து வருவதை
யாரும் தென்றல் என்று சொல்லாத ஊர் இது, டனீடின்.
பனிக்கண்டத்தைத் தொட்டுவிட்டு
நேராக எங்கள் கூடத்துக்குள் நுழைகிறது வாடை.
வீட்டைக் கட்டியவன் ஸ்காட்லாந்திலிருந்து
வரைபடத்தையும் கப்பலில் ஏற்றி வந்தான்.
இங்கே வெயில் வடக்கில் நிற்கும் என்று
அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை.
நூற்றுப் பதினெட்டு வருஷமாக
முகத்தைத் தெற்கே வைத்து நடுங்குகிறது வீடு.
குளியலறைக்கும் கரி அறைக்கும்தான் வெயில்.

குளிர்காலம் முழுக்க என் முதல் வேலை
காலை ஆறு மணிக்குப் பழைய துண்டோடு
ஜன்னல் ஜன்னலாகத் துடைப்பது.
வாளியில் பிழிந்து, கொட்டிவிட்டு,
பஸ் ஓட்டப் போவேன்.
மேலே ப்ரைடி இருமுவாள்.
ஃபென்னா ஒருநாள் சொன்னாள்:
"கடன் வாங்கலாம். ஆள் பார்."

பார்த்தோம்.
லாக்லன் ப்ரைஸ் மின்சாரக் காரில் வந்தார்.
பசுமை என்ற சொல்லை
உப்புப்போல எல்லாவற்றின்மேலும் தூவினார்.
பின்சுவர் போகும், கண்ணாடிப் பெட்டி வரும்,
நல்ல ரிமு மரத்தரை குப்பைக்கு,
அதன் இடத்தில் எங்கிருந்தோ மூங்கில்.
கணினியில் எங்கள் வீடு சுழன்றது.
அதற்குள் வெள்ளை உடையில் ஒருத்தி
காப்பிக் கோப்பையோடு நின்றாள்.
"யார் இவள்?" என்றாள் ஃபென்னா.
"நீங்கள்தான்" என்றார்.

இன்னொருவர் கோட்டைக் கழற்றவே இல்லை.
குளிர்கிறதென்று அவருக்குத் தெரிந்திருந்தது;
குறித்துக்கொள்ளத்தான் தோன்றவில்லை.
எல்லாரிடமும் சான்றிதழ் இருந்தது,
பத்துக்குப் பத்துப் பொருத்தம்.

கேய்டா டிபா நாற்பது நிமிஷம் தாமதம்.
மன்னிப்பும் கேட்கவில்லை.
ஷூவைக் கழற்றிவிட்டு
ஓட்டைக் காலுறையோடு அறை அறையாக நின்றார்.
தரை எங்கே சில்லிடுகிறது என்று
பாதத்தால் தேடுகிறார் என்பது
எனக்குப் பிறகுதான் உறைத்தது.
"எந்த அறைக்குள் போவதை விட்டுவிட்டீர்கள்?"
நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.
பியானோ அறை.
மே மாதம் சாத்தினால் அக்டோபரில் திறப்போம்.

வாளியைப் பார்த்தார். அளக்கச் சொன்னார்.
மறுநாள் ஜாம் ஜாடியால் அளந்தேன்: ஒன்றேகால் லிட்டர்.
போனில் சொன்னதும் சற்று நேரம் பேச்சில்லை.
"அது மழையுமில்லை, ஒழுகலுமில்லை.
கெட்டிலின் ஆவி, உள்ளே காயும் துணி,
மூன்று பேர் இரவெல்லாம் விட்ட மூச்சு.
போக வழியில்லாமல்
கண்ணாடியில் உட்கார்ந்திருக்கிறது."

பதினோரு குளிர்காலம்
எங்கள் மூச்சைப் பிழிந்து
சாக்கடையில் ஊற்றியிருக்கிறேன்.

அவர் வரைந்ததில் புதிய அறை ஒன்றுமில்லை.
தரைக்கடியில் ஆட்டு ரோமம்.
பழைய சட்டத்துக்குள்ளேயே இன்னொரு கண்ணாடி.
காற்றை மாற்றும் சிறு இயந்திரம்.
வடக்கு மூலையின் வெயிலைக்
கரியிடமிருந்து பிடுங்கிச்
சமையலறைக்குக் கொடுத்திருந்தார்.
"சோலார்?" என்றேன், ஆசையாக.
"ஓட்டைக் குடத்துக்கு எதற்கு இரண்டாவது கிணறு?
முதலில் அடைப்போம்."

சண்டையும் உண்டு.
புகைபோக்கியை எடுக்கச் சொன்னார்.
ப்ரைடியை முதன்முதலில் குளிப்பாட்டியது
அந்தக் கணப்பின் முன்னால் என்றாள் ஃபென்னா.
"உங்கள் கடன்பணம் வானத்துக்குப் போவதும்
அது வழியாகத்தான்" என்றார் கேய்டா.
இரண்டு வாரம் போன் இல்லை.
பிறகு அதன் வாயில் கம்பளிப் பை ஒன்றைத் திணித்தார்கள்.
கடைசி பில்லில் ஒரு வரி:
புகைபோக்கி, தோற்ற வாதம், கட்டணம் இல்லை.

இது ஜூலை. ஆறு மணி.
பழக்கதோஷம், துண்டோடு நிற்கிறேன்.
துறைமுக விளக்குகள்
எண்ணிவிடலாம் போலத் தெரிகின்றன.
மேலே இருமல் இன்னும் இருக்கிறது,
முன்புபோல் இல்லை.
கடன் இன்னும் பதினான்கு வருஷம்.
பியானோ அறை திறந்தே கிடக்கிறது.
அதன் மூடிமேல் ப்ரைடி
ஈரச் சாக்ஸைக் காயப்போட்டிருக்கிறாள்.
கேய்டா பார்த்தால் கத்துவார்.