மூன்றாவது பொட்டு

விடியக்காலை கோச்சி வந்து நின்றது.
பவளராணி தானே பையோடு இறங்கினாள்.
தா என்றேன், தரவில்லை.

போன முறை இப்படியல்ல.
குடலில் வெட்டினபோது
நெஞ்சடியிலிருந்து அடிவயிறுவரை ஒரு தண்டவாளம்,
இருபத்தாறு தையல், எண்ணினேன்.
இந்த முறை விலாவுக்குக் கீழே மூன்று துளை,
நுளம்பு கடித்த அளவு. மேலே பிளாஸ்டர்.
“இதுக்கா கொழும்புக்குப் போய் வந்தனான்”
என்கிறாள், ஸ்டேஷன் வாசலில் நின்ற மானிடம்.
மான் அவளது பையில் பிஸ்கட் தேடுகிறது.

ஈரலில் மூன்று பொட்டு என்று
துண்டின் பின்பக்கம் வரைந்து காட்டினார் டொக்டர்.
ஈரக்குலை நடுங்குது என்று எத்தனை தரம் சொல்லியிருப்போம்,
அது இருக்கும் இடம் அன்றைக்குத்தான் தெரிந்தது:
வலப்பக்கம், கவிழ்த்துவைத்த தோணி மாதிரி.
ஊசி உள்ளே போகும். நுனி கொதிக்கும்.
பொட்டு வெந்துவிடும். ஒன்றுக்குப் பத்து நிமிஷம்.

நான் இரும்பு பற்றவைக்கிறவன்.
சூட்டோடு முப்பது வருஷம்.
கேட்டேன்: பக்கத்தில் ஏதும் ஓடுதா?
அவர் பேனையை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.
மூன்றாவதை ஒட்டி ஒரு பெரிய நாளம்.
ஓடுகிற ரத்தம் சூட்டைக் கொண்டுபோய்விடும்,
ஓரம் வேகாமல் நிற்கலாம்.

உள்துறைமுகத்தில், தண்ணீரில் நிற்கும் பார்ஜுக்கு
உள்ளேயிருந்து தகடு ஒட்டியிருக்கிறேன்.
தகட்டின் மறுபக்கம் கடல்.
எவ்வளவு கரண்ட் கூட்டினாலும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.
மேலே பார்க்க மினுக்கமான ஒட்டு,
அடியில் பிடித்திருக்காது.
அதற்கு ஒரே வழி பார்ஜைக் கரையேற்றுவது.
ரத்தத்தை எங்கே ஏற்ற?
இதை நான் அவளுக்குச் சொல்லவில்லை.
கையெழுத்து மட்டும் வைத்தேன்.

ஆறு கிழமைக்குப் பிறகு ஸ்கான்.
கலண்டரில் அந்தத் திகதியைச் சுற்றி ஒரு வட்டம்;
இரண்டு கட்டம் தள்ளி
காஸ் சிலிண்டர் மாற்றின நாள்.

ஐந்தாம் நாள், உப்புவெளி வீடு, கிணற்றடி.
பாரம் தூக்காதே என்றார்களாம்,
திருக்கை வெட்டாதே என்று ஒருவரும் சொல்லவில்லையாம்.
ஈரலை உள்ளங்கையில் ஏந்தி
வெயிலில் காட்டுகிறாள்:
“பொட்டுக் கிட்டு இருக்கா பாருங்கோ,
நீங்கதானே டொக்டரிட்டக் கேள்வி கேட்ட ஆள்.”

கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள் அன்றைக்கு.

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு
பார்க்கிறேன்.
பகிடிக்கு இல்லை. திருப்பித் திருப்பி,
ஓரமெல்லாம் பார்க்கிறேன்.