மண்ணாய்ப் போவது

தங்கம் தோண்டப் போய் எட்டு மாதம் கழித்துத் திரும்பினேன்.
குயில்கா குழி வெட்டிக்கொண்டிருந்தாள்.
சிரித்துவிட்டேன்.
நாற்பது முழம் கயிற்றில் இறங்கிப்
பாறையைச் சுரண்டி வந்தவன் நான்.
அவள் குழி ஒரு சாண் ஆழம்.
களிப் பானையை உட்கார வைக்கலாம்,
அதற்கு மேல் ஒன்றுமில்லை.

யாத்தெங்காவில் எங்கள் பங்குக்கு வந்த நிலம்
சிப்பெல்லே, வெள்ளைத் திட்டு.
மொட்டைத் தலையில் ஊற்றிய நீர்போல
பெய்த மழை அதே நாழிகையில் வழிந்துவிடும்.
ஆடு திரும்பிப் பார்க்காது.
'மண்ணாய்ப் போ' என்று எவனையாவது திட்டுவதானால்
இங்கே நின்று திட்டாதீர்கள்.
இந்தத் தரையே இன்னும் மண்ணாய்ப் போகவில்லை.

கொண்டுவந்த பணத்தை எண்ணினாள்.
மூன்று கழுதை வண்டி எரு வரும் என்றாள்.
வந்தது.
என் எட்டு மாதத் தங்கம்
முற்றத்தில் ஈ மொய்க்கக் கிடந்தது.

ஒரு எட்டு வைத்து ஒரு குழி.
குழிக்கு இரண்டு கை எரு,
மேலே சோளத் தட்டை, உதிர்ந்த இலை,
காற்று எதைக் கொண்டுவந்து போட்டாலும் அதுவும்.
ஏப்ரல் வெயிலில் கொத்து துள்ளித் திரும்பியது;
இரும்பின் மேல் இரும்பைப் போட்ட சத்தம்.
நான் வெட்டினேன். எருவை அவள் போட்டாள்.
குழிக்குள் கை விட என்னால் முடியவில்லை.
ஏன் என்று அவள் கேட்கவில்லை.
ராஸ்மானேயின் தாய் வீட்டுக்கு
அவனுடைய செருப்பை மட்டும் நான் கொண்டுபோனது
அவளுக்குத் தெரியும்.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ,
புழுக்கம் தாளாமல் வயலோரம் பாய் விரித்தோம்.
நடுச்சாமத்தில் காதடியில் சத்தம்.
சரசர. நின்றது. மறுபடி சரசர.
எனக்குத் தெரிந்த சத்தம் அது.
சுவர் சரிவதற்கு முன்னால் பூமி அப்படித்தான் பேசும்.
அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன்,
பாதி வயல் தாண்டி,
நான் வெட்டிய குழியிலேயே இடறி விழும்வரை.

விளக்கைக் கொண்டுவந்து தட்டையைத் தூக்கிக் காட்டினாள்.
கறையான்.
ஆயிரமா, பத்தாயிரமா, சாணத்தைத் தின்றுகொண்டிருந்தன.
"பயப்படாதே," என்றாள்,
"சாப்பிடுகிற சத்தம்."

வீட்டுக் கூரையில் கண்டால் சாம்பல் தூவி விரட்டுபவள்
இங்கே விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.
விரலை உள்ளே விட்டாள். என் விரலையும் பிடித்து விட்டாள்.
குழியின் அடியில் நூல் நுழையும் துளைகள்,
ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்து
எங்கேயோ கீழே, நான் போகாத திசையில்.
பொடிப்பொடியாய், கொஞ்சம் ஈரமாய்,
உமிழ்நீர் பட்டு உருண்ட ஏதோ ஒன்று
நகக்கண்ணில் ஒட்டியது.
முகர்ந்தேன்.
சுரங்கத்தில் எந்த ஆழத்திலும் இந்த வாசனை இல்லை.
அங்கே தூள் இருந்தது, கல் இருந்தது, பாதரசம் இருந்தது.
தின்னுகிறவர் யாருமில்லை.
எவரும் எதையும் தின்னாத இடம்
மண்ணாவதில்லைபோலும்.

ஜூன் கடைசியில் முதல் மழை.
பக்கத்து வெள்ளைத் திட்டில் நீர் வழக்கம்போல் ஓடியது.
எங்கள் குழிகளில் கண் சிமிட்டும் நேரம் நின்று
கீழே இறங்கியது.
எங்கே போகிறது, என்றேன்.
உள்ளே, என்றாள்.
இந்தத் தரைக்கு ஓர் 'உள்ளே' உண்டு என்று
அன்றுவரை யாரும் சொன்னதில்லை.

கறையான் கட்டிய வீட்டில் சோளம் குடியேறியது.
எல்லாக் குழியிலும் இல்லை.
மேற்கு வரிசை பாதி பொய்த்தது,
பதினோரு மூட்டை தேறியது, கடன் இன்னும் பாக்கி.
ஒரு குழியில் ஆட்டுப் புழுக்கையோடு வந்த விதை
வேலங்கன்றாய் நிற்கிறது; பிடுங்க மனமில்லை.

ராஸ்மானே கிடக்கும் இடத்தில்
இன்னும் கல்தான்.
அடுத்த முறை அந்தப் பக்கம் போனால்
ஒரு கூடை எரு கொண்டுபோவேன்.
பைத்தியக்காரத்தனம், என்றார்கள்.
குயில்கா கூடையை எடுத்து வைத்தாள்.